பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்போம். பதினொன்றே முக்காலுக்கே வெளியே ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காஞ்சிபுரத்துக்கு வெளியே, நெல்வயலுக்கும் லாரி பட்டறைக்கும் நடுவில் இருக்கிற அரசு மதுக்கடையில் நான் விற்பனையாளன். பி.காம். முடித்து ஏழெட்டு வருஷம் அலைந்த பிறகு, கவர்ன்மென்ட் வேலை என்று நம்பிச் சேர்ந்தவன். இருபது வருஷம் ஆகப்போகிறது. நின்று நின்று காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகிவிட்டது. உட்கார்ந்து விற்கலாமே என்பீர்கள். உட்கார்ந்தால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவனின் கை மட்டும்தான் தெரியும். எனக்கு முகம் தெரிய வேண்டும். வயது பார்க்க வேண்டும்.

இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மது விற்கப்படாது என்று என் தலைக்கு மேல் ஒரு போர்டு இருக்கிறது. தூசி படிந்து, ஒரு மூலையில் பெயின்ட் உரிந்த போர்டு. அதை நிமிர்ந்து பார்த்த வாடிக்கையாளன் ஒருவனையும் நான் கண்டதில்லை. ஆனால் நான் அதை மதித்தேன். மற்ற விஷயங்களில் நான் பெரிய யோக்கியன் என்று சொல்லமாட்டேன், இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். மீசை சரியாக முளைக்காத முகம் எது வந்தாலும், "லைசென்ஸ் எடு" என்பேன். ஆதார் கேட்டால் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் எப்போதும் பர்ஸில் இருக்கும், ஏனென்றால் வண்டியில்தான் வந்திருப்பார்கள். வலைக்குக் கீழே இருக்கிற சந்து வழியாக அட்டை உள்ளே வரும். பிறந்த தேதியைப் பார்ப்பேன், விரல் விட்டு எண்ணுவேன், திருப்பித் தள்ளுவேன்.

நினைத்தால் சிரிப்பு வரும். குடிக்க வயது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது வண்டி ஓட்டுகிற அட்டையை. வயது சரியாக இருந்தால் அட்டையையும் பாட்டிலையும் சேர்த்தே கொடுத்தனுப்புவேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு அவன் போய் வண்டியில் உட்காருவான். சர்க்கார் பதினெட்டில் ரோட்டைக் கொடுக்கிறது, இருபத்தொன்றில் பாட்டிலைக் கொடுக்கிறது. நடுவில் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குக் காவல் யார் என்று பார்த்தால், ஒரு கம்பி வலையும் சுருண்ட நரம்போடு நிற்கிற நானும்தான்.

நான் மறுத்தால் பையன் வீட்டுக்குப் போய் மோர் குடிப்பான் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. வரிசையில் நிற்கிற பெரியவர் யாரையாவது, "அண்ணா, எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கிக் குடுண்ணா" என்பான். அதுவும் நடக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவான். நான் நல்லவனாக இருந்ததால் அவன் ஹைவேயில் கூடுதலாகப் பத்து கிலோமீட்டர் போய், குடித்துவிட்டு அதே பத்து கிலோமீட்டர் திரும்பி வருவான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், என் கையால் வேண்டாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் என் கொள்கை.

அதிலும் ஒரு விலக்கு வைத்திருந்தேன். சாவு வீடு.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாவு விழுந்தால் மேளம் அடிக்கிறவர்களுக்கும் குழி வெட்டுகிறவர்களுக்கும் சரக்கு வாங்கித் தர வேண்டும். பேசிக்கொள்வதே கிடையாது, பந்தலும் பாடையும் மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு. இதை வாங்கி வர யாரை அனுப்புவார்கள் தெரியுமா? குடிக்காத பையனைத்தான். குடிக்கிறவனை அனுப்பினால் பத்து பாட்டிலுக்கு எட்டுதான் ஊர் வந்து சேரும். குடிக்காதவன் யார் என்று தேடினால் பதினெட்டும் பத்தொன்பதுமாக, சொந்தமாக பைக் வைத்திருக்கிற பிள்ளைதான் கிடைப்பான். அவன் தோளில் ஒரு துண்டோடு வருவான். வரிசை தானாக வழி விடும். குடிகாரர்களுக்கு மரியாதை தெரியாது என்பவர்கள் ஒரு நாள் வந்து என் கடையில் நின்று பார்க்க வேண்டும். "சாவு வூட்டுக்குப்பா" என்று ஒரு குரல் கேட்டால் தள்ளாடுகிறவன்கூட ஒதுங்கி நிற்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வந்த ஒரு பையனிடம் நான் லைசென்ஸ் கேட்டுவிட்டேன். அவன் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பின்னால் இருந்த ஒருவர், "செத்தது அவன் அப்பன்யா, அவனாண்ட போயி வயசு கேக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" என்றார். வரிசை முழுக்க என்னைத் திட்டியது. வலை இல்லாதிருந்தால் அடித்திருப்பார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து தோளில் துண்டோடு வருகிற எவனிடமும் வயது கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்த விஷயம் வெளியே பரவியதும், ஒரே மாதத்தில் மூன்று முறை துண்டு போட்டுக்கொண்டு வந்தான் ஒரு புத்திசாலி. மூன்றாவது தடவை, "எத்தினி பெரியப்பாடா ஒனக்கு? ஊருக்கே கொள்ளை நோய் வந்துச்சா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். அவனைத் தவிர மற்றவர்கள் நிஜமாகவே சாவு வீட்டுப் பிள்ளைகள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்கு ஒரே மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். பதினெட்டு முடிந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டு, அடுத்த மாதமே லைசென்ஸ் எடுத்தான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், எட்டுப் போட்டுக் காட்டியபோது காலை ஊன்றவே இல்லை. கடையில் தினமும் பார்க்கிற கூத்தையெல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தேன். சாயங்காலம் நன்றாக நின்று பேசிவிட்டுப் போனவன் மறுநாள் வராமல், அவன் தோழர்கள் மட்டும் வந்து நின்ற கதைகள் என்னிடம் நிறைய உண்டு. என் மனைவி, "சோறு திங்கிற நேரத்துல இந்தப் பேச்சு வேணாமே" என்பாள். அவன் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். குடி என்ற வாசனையே அவனிடம் கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு, சொல்லிக்கொள்ளாத பெருமை.

அவனுக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்தபோது முசரவாக்கத்தில் என் மாமனாரின் தம்பி தவறிப்போனார். வயதானவர், படுக்கையில் கிடந்தவர். முந்தின நாளே நிலைமை மோசம் என்று என் மனைவியும் மகனும் போய்விட்டார்கள். விடியற்காலை உயிர் பிரிந்தது. நானும் உடனே போயிருக்க வேண்டும். சூப்பர்வைசர் லீவு, சாவி என்னிடம். நாலு மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் வந்துவிடுகிறேன் என்று மனைவிக்கு ஃபோனில் சொன்னேன். "நீ வராங்காட்டி இன்னா, அவரு எழுந்தா வரப்போறாரு" என்றாள். அழுது களைத்த குரல்.

கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். வரிசை விலகியது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் மகன் வந்து நின்றான்.

"மாமா அனுப்பிச்சாருப்பா. பதினஞ்சு குவார்ட்டர்."

மாமா என்றது என் மச்சானை, என் மனைவியின் அண்ணனை. அந்த வீட்டில் எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்பவர் அவர்தான். அத்தனை பங்காளிப் பிள்ளைகள் இருக்கிற ஊரில், நம்பி அனுப்ப என் மகன்தான் கிடைத்திருக்கிறான். அப்பா கடையிலேயே இருக்கிறார் என்பது ஒரு காரணம். அவன் தொடமாட்டான் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. தினமும் வருகிற ஒரு கொத்தனார், "ஒம் புள்ளையா? பெரிய ஆளாயிட்டானே" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பாட்டில்களுக்கு நடுவே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, கட்டைப் பையில் அடுக்கி, பக்கத்துக் கதவைத் திறந்து நானே அவன் கையில் கொடுத்தேன்.

"மெதுவா போ. ஒடைஞ்சிடப் போவுது" என்றேன்.

நான் சொன்னது பாட்டிலை. ஹெல்மெட் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. தலையில் துண்டு இருந்ததால் அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தான்.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பையில் ஒன்றும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். பங்கு பிரித்துக் கொடுத்தது போக மீதி இரண்டு இருந்தது. பந்தலுக்குப் பின்னால், வைக்கோல் போர் பக்கம் ஆண்கள் நின்றிருந்த இடத்தில், மச்சான் ஒரு பேப்பர் கப்பில் கொஞ்சம் ஊற்றி வாட்டர் பாக்கெட்டைப் பீய்ச்சி அவனிடம் நீட்டியிருக்கிறார். வாங்கி வந்தவனுக்கு ஒரு வாய் கொடுப்பது அங்கே வழக்கம், வேலை செய்தவனைச் சும்மா அனுப்பக்கூடாது என்கிற மாதிரி. ராத்திரி பூராவும் கண் விழித்த பிள்ளை, காலையிலிருந்து சாப்பிடவில்லை. வாங்கிக் குடித்திருக்கிறான். பிறகு இன்னொரு கப். அதற்குள் மாலை பற்றவில்லை என்று யாரோ சொல்ல, வண்டி வைத்திருக்கிறவன் இவன்தானே, காஞ்சிபுரம் போய் நாலு ரோஜா மாலை வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள். அவன் தள்ளாடாமல் நடந்துபோய் வண்டியை எடுத்ததைக் கண்டதாக எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். இருக்கலாம். தள்ளாடாதவனைத்தான் நானும் இத்தனை வருஷமாகப் பார்த்து அனுப்பிவைக்கிறேன்.

பாதி வழியில் ஒரு வளைவு. எதிரே டி.வி.எஸ். வண்டியில், ஒரு கிராமத்துத் தறிக்குப் பாவு நூல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார் ஒரு நெசவாளி. என் மகன் வலது பக்கம் ஏறி அவர் மேல் மோதியிருக்கிறான். பட்டப்பகல், மூன்றரை மணி, ரோட்டில் வேறு வண்டியே இல்லை.

யாரோ ஒருவர் அவன் ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். சாவியைக் கூட இருந்த இன்னொரு விற்பனையாளரிடம் எறிந்துவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுவண்டியில் கிடந்தான். இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தாடையில் ரத்தம். "அப்பா" என்றான். குனிந்தேன். வாயிலிருந்து அந்த வாசனை வந்தது. என் மூக்குக்கு அது தெரியாதா? எந்தச் சரக்கு என்றே தெரிந்தது. அடுக்கி வைத்த கை என்னுடையதுதானே. அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

டாக்டரும் முகர்ந்து பார்த்துச் சீட்டில் எழுதினார். சாயங்காலம் ஒரு ஏட்டு வந்தார். பையனுக்கு வயது என்ன, சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சுடுகாட்டிலிருந்து நேராக வந்திருந்த மச்சான் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பெரியவங்களுக்குன்னு வாங்கி வெச்சிருந்தோம் சார். புள்ள தெரியாம எடுத்துக் குடிச்சிட்டான்" என்றார். ஏட்டு என் மகனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். என் வேலையைக் காப்பாற்ற, பத்தொன்பது வயதில் என் பிள்ளை திருடன் ஆனான். நான் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு மச்சான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய், "ரெண்டே மொடக்குதான் மாப்ள. இப்டி ஆவும்னு யாரு கண்டது?" என்று அழுதார். அவரை நான் என்ன சொல்வது? என் மனைவியும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. "அவன் போவசொல்ல நானும்தான் பாத்துக்கினு இருந்தேன். மாலை நல்லதா பாத்து வாங்கியான்னு சொன்னேன்" என்று மட்டும் ஒரே ஒரு முறை சொன்னாள்.

மூன்றாம் நாள் அந்த நெசவாளியைப் பார்க்கப் போனேன். அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டு. ஐம்பது வயது இருக்கும். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கை சேர நாலு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், அதுவரை தறியில் உட்கார முடியாது. பாவு ரோட்டில் விழுந்து, சிக்காகி, பிறகு வந்த லாரியின் டயர் ஏறி வீணாகிவிட்டது. நான் யாரென்று சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"பையனுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"காலுக்கு ராடு வெச்சிருக்காங்க."

"வயசு இன்னா?"

"பத்தொம்பது."

அவர் என் பக்கம் திரும்பி, "பத்தொம்பது வயசுப் புள்ளைக்கு எவன் சார் குடுத்தான்?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி. "எங்கூட்லயும் ஒருத்தன் இருக்கிறான், காலேஜ் போறான். அதான் கேக்கறேன். கடைல வயசு பாத்துதானே குடுக்கணும்? எவன் அவன்?"

"தெரியலைங்க" என்றேன்.

வாங்கிக்கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் எவன் எனக்கு வேறு வேலை வைத்திருக்கிறான்? லீவு முடிந்து மறுபடியும் வலைக்குப் பின்னால் போய் நின்றேன். இப்போது துண்டோடு வந்தாலும் லைசென்ஸ் கேட்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேதான். போன மாதம் ஒருவன் வந்தான், முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறான். அட்டையில் இருபது வயது. முடியாது, பெரியவர் யாரையாவது அனுப்பு என்றேன். வரிசை பழையபடி திட்டியது. எனக்கு உறைக்கவில்லை. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஊருக்குப் போனானா, அடுத்த கடைக்குப் போனானா, தெரியாது. அழுத கண்ணோடு இன்னும் எத்தனை தூரம் ஓட்டினானோ, அதுவும் தெரியாது. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். எனக்கு அலுத்துவிட்டது.

மகன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து. நின்று செய்கிற வேலை என்பதால் பயிற்சியைத் தொடரக் கம்பெனியில் கூப்பிடவில்லை. வண்டியைத் தொடுவதில்லை. ஒரு வருஷமாக அவனிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். தையல் தழும்பு முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் இருக்கிறது.

"மாமா ஊத்திக் குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாதா? நான் எவ்ளோ சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது.

"வேணாம்னுதாம்ப்பா சொல்ல வந்தேன்" என்றான். "அப்புறம் தோணிச்சு. எனக்கு முன்னாடி நின்னுக்கினு இருந்தவனாண்ட நீ லைசென்ஸ் கேட்ட. அவன் என்னைவிடப் பெரியவன் மாதிரிதான் இருந்தான். என்னாண்ட ஒண்ணும் கேக்கல. சிரிச்சிக்கினே கைல குடுத்த. சரி, அப்பாவே நம்மள பெரியாளுன்னு முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சிக்கினேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஃபோனை எடுத்து ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் மீதி எண்ணெயையும் அந்தக் காலிலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.